லொங்காங் மந்திரியின் மனைவி

என் பெயர் தேன்மொழி. தேன் பெயரோடு சரி, வாயில் கிடையாது என்று ஜொகூரில் எங்கள் சாஆ ஊர் முழுக்கத் தெரியும். பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒட்டுக்கடை வைத்திருக்கிறேன். காலையில் நாசி லெமாக், வடை, கோப்பி. செம்பனை லோரி ஓட்டுகிறவர்கள் என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே பசியாறிவிட்டுப் போவார்கள். ஒருநாள் ஏசாவிட்டால், "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள்.

இது என் கதை இல்லை. பின்தெருவில் இருக்கிற மரிசெல்லின் கதை. அவள் கதையில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. சிரிக்கிற வேலை.

மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவள். அந்தத் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தவன் ஸ்டானிஸ்லாஸ், எங்கள் ஊர் வேதக்காரப் பையன்; எங்களுக்கு ஸ்டானி. அவன் வாயைத் திறக்காதவன். இவள் வாயை மூடாதவள். எப்படியோ மாதா கோயிலில் கல்யாணம் முடிந்து இங்கேயே வந்துவிட்டார்கள். அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு மாறினான். அவள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் அவள் தமிழில் ஏச்சுக்குக் குறைவில்லை.

அவள் புருஷனையும் என்னையும் தவிர ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று அவளிடம் இருந்தது. அவள் எழுத்தாளர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேஸ்புக்கில் தன் பாஷையில் ஒரு சிரிப்புக் கதை போடுவாள். பெயர் தியா சாயோங். அவர்கள் பாஷையில் தியா என்றால் அத்தை. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் வீட்டு வேலை செய்கிற பெண்கள், தொழிற்சாலைப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் படித்தார்கள். தியா சாயோங் எங்கோ இருக்கிற பல்லுப்போன கிழவி என்று அவர்களுக்கு நினைப்பு.

பெயரை ஒளித்ததற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலையில் இருந்த காலத்தில், பெண்கள் கழிப்பறைக்குப் போனால் வாசலில் நின்று கடிகாரம் பார்க்கும் ஒரு மேற்பார்வையாளரைப் பற்றித்தான் முதல் கதையைக் காகிதத்தில் பெயர் போடாமல் எழுதி விட்டாள். விடுதியே உருண்டு சிரித்தது. அந்த ஆள் எழுதியவளைத் தேடி அலைந்தார். அப்போது மாட்டிய முகமூடியை அவள் கழற்றவே இல்லை. "இனி எதுக்கு பயம்? ஒன் பேரயே போடேன்," என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"என் பேர போட்டா எல்லாரும் என் முன்னாடி நல்லவங்களா நடிப்பாங்ககா. அப்புறம் நான் எத எழுதுறது?" என்றாள்.

சனிக்கிழமை வியாபாரம் ஓய்ந்ததும் கடைக்கு வருவாள். மறுநாள் போடப் போவதை எனக்குச் சொல்லிக் காட்டுவாள். பாதித் தமிழ், கொஞ்சம் மலாய், மிச்சத்துக்குக் கையும் புருவமும். நான் சிரித்தால் அது வெளியே போகும். சிரிக்காவிட்டால் குப்பை. "ஒனக்கு என் பாஷை தெரியாது. அழகா எழுதி ஒன்ன ஏமாத்த முடியாது. என் ஒடஞ்ச தமிழ்லயும் சிரிப்பு வந்துச்சின்னா அது நெசமான சிரிப்பு," என்பாள். நானும் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. அதற்காகத்தான் என்னைப் பிடித்தாள்.

கதைகளில் பாதி அவள் புருஷனைப் பற்றியதுதான். அவனுக்கு ஸ்டானோ என்று பெயர் வைத்திருந்தாள். ஸ்டானோ எலிப்பொறி வாங்கி வந்து, எலி பாவம் என்று அதற்குப் பக்கத்திலேயே தட்டில் சோறு வைத்தது; ஸ்டானோ குளிக்கும்போது பாடியதில் பக்கத்து வீட்டு நாய் வேறு குடியிருப்புத் தாமானுக்குக் குடிபோனது. தன்னைப் பற்றித்தான் எழுதுகிறாள் என்று ஸ்டானிக்குத் தெரியும். கோபமே வராது. கடைக்கு வந்தால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்பான்: "இந்த வாரம் நான் என்னாக்கா பண்ணேன்?"

"போடா, நாளைக்கு ஒலகமே சிரிக்கும், அப்ப தெரியும்," என்பேன். தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான்.

அவன் இருக்கும்போது அவனைப் பற்றி அவள் எழுதிய கடைசிக் கதை லொங்காங் கதை. லொங்காங் என்றால் எங்கள் தெருவோரச் சாக்கடை. காலையில் இரண்டு பேரும் மீன் வாங்கப் பாசாருக்கு, சந்தைக்கு, நடந்து போவார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஸ்டானி நின்றுவிடுவான். முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து லொங்காங்கைப் பார்ப்பான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டால், "தண்ணி ஓட்டம் சரியில்ல," என்பான். அடுத்த முனையில் மறுபடியும் நிற்பான். "சீக்கிரம் வா லா, மீன் தீந்துரும்!" என்று இவள் கத்துவாள்.

கதையில் ஸ்டானோ லொங்காங் மந்திரி ஆகிவிட்டார். மந்திரி வருகிறார் என்று வீட்டுக்கு வீடு வாசலில் மனுவோடு நிற்கிறார்கள். மந்திரி குனிந்து பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், ஒவ்வொரு லொங்காங்குக்கும் ஒரு வாக்குறுதி கொடுக்கிறார். பாசாருக்குப் போய்ச் சேர்வதற்குள் மீன்காரர் பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோப்பி சட்டையெல்லாம் கொட்டியது. "போடு, போடு," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டாள். அந்த வாரம் முடிவதற்குள் ஸ்டானி செத்துப்போனான்.

செம்பனை ஆலை வாசலில் லோரியை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் தலை சாய்ந்திருக்கிறான். தூங்குகிறான் என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்களாம். மருத்துவமனைக்கு மரிசெல்லோடு நான்தான் போனேன். டாக்டர் நல்ல பெண், பொறுமையாகத்தான் பேசினார். இருதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்திருக்கிறது என்றார். "நடக்கும்போது அடிக்கடி நின்று மூச்சு வாங்குவாரா?" என்று கேட்டார்.

மரிசெல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவர் லொங்காங்க பாக்கலகா. மூச்சு விட முடியாம நின்னுருக்காரு. நான் அத கத கட்டி ஊர சிரிக்க வெச்சிட்டேன்."

"ஏய், நீ என்ன டாக்டரா? என் கடை தூண புடிச்சிட்டுக்கூடத்தான் நிப்பான். வெயில்னு நெனச்சி தண்ணி குடுத்தேன். யாருக்குடி தெரியும்?" என்று அதட்டினேன். நான் சொன்னது அவள் காதில் விழவில்லை.

உடலை வீட்டில் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகள் ஐலீன் வந்துவிட்டாள். மறுநாள் காலை நான் கடையைத் திறந்தேன். சாவுக்கு வருகிறவர்கள் பேருந்தை விட்டு இறங்கி வழி கேட்க ஓர் இடம் வேண்டாமா? கொஞ்ச நேரத்தில் பிலிப்பைன்ஸ் பெண்கள் நாலு பேர், யோங் பெங் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள், என் கடைக்கு வந்தார்கள். மரிசெல்லைக் கோயிலில் பழக்கமாம். வழி கேட்க வரவில்லை. சாவு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, குளிக்காமல் கொள்ளாமல் நேரே வந்து என் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போய், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் மற்ற வேலை என்று வளர்ந்தவள் நான். "சாப்பாட்டுக் கடையில தீட்டோட வந்து ஒக்காந்தா என்னா அர்த்தம்?" என்று மலாயில் கத்தினேன். அவர்களில் மூத்தவள், லோர்னா என்று பெயர், எழுந்து நின்று கையைக் கூப்பினாள். அவர்கள் ஊரில் சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாதாம். வழியில் எங்கேயாவது நின்று, எதையாவது குடித்து, உதறிவிட்டுத்தான் போக வேண்டுமாம். இல்லாவிட்டால் சாவு கூடவே வீட்டுக்கு வந்துவிடுமாம்.

"ஓகோ, அதான் என் கடையில உதறிட்டுப் போறீங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கோப்பி கலக்கினேன். வேறென்ன செய்ய? ஒரு பெண்ணின் முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது.

அவளைத் தேற்றத்தான் லோர்னா போனை எடுத்து எதையோ சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். எனக்குப் பாஷை தெரியாது. ஆனால் ஸ்டானோ என்று காதில் விழுந்தது. அடுத்து லொங்காங் என்று விழுந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அழுத பெண்ணும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை படி என்று கேட்டாள். யாரைப் பார்த்து அழுதுவிட்டு வந்தார்களோ, அவனை நினைத்துத்தான் சிரிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்தி, சொல்ல முடியாமல் நின்றேன். கடவுளே, அப்படி ஒரு நிலை யாருக்கும் வரக்கூடாது. கடைக்குப் பின்னால் போய்ப் பாத்திரத்தைக் கழுவுவதுபோல் நின்று அழுதேன்.

அடக்கத்தன்று ஸ்டானியோடு வேலை செய்தவர்கள் லோரிகளைக் கொண்டுவந்து தெருவோரம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சவ வண்டி என் கடை முனைக்கு வந்தபோது, முன்னால் ஒரு லோரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. அது நகர்கிற வரைக்கும் சவ வண்டியும் அங்கேயே நின்றது. பின்னால் நடந்து வந்த மரிசெல் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஐலீன் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அதற்குப் பிறகு மரிசெல் எழுதவில்லை. ஐலீன் கூப்பிட்டும் அவளோடு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்து வந்து போயின. ஸ்டானோ என்ன ஆனார், எந்த லொங்காங்கில் விழுந்தார் என்று படிக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் சனிக்கிழமைகளில் கோப்பியைக் கலக்கி வைத்துக் காத்திருந்துவிட்டு நானே குடித்தேன். ஒருநாள் பொறுக்காமல் அவள் வீட்டுக்கே போய் நின்றேன்.

"எந்திரி. வந்து கடையில ஒக்காரு. ஒங்க ஊர் வழக்கம்தானே, எங்கயாச்சும் நின்னு உதறிட்டுப் போறது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் சாவு வீட்டுலேர்ந்து கெளம்பி, ஒன் கடையில நின்னு, அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு சாவு வீடும் வீடும் ஒண்ணுதானேகா. நான் எங்க நின்னுட்டு எங்க போறது?"

என் வாயையே அடைத்துவிட்டாள் பாருங்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். அன்றைக்குக் கோப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அவளாகவே வந்தாள். ஒன்று எழுதியிருக்கிறேன், இதுதான் கடைசி, இதோடு தியா சாயோங் முடிந்தாள் என்றாள். சொல்லிக் காட்டினாள். ஸ்டானோ இறந்துவிட்டார். லொங்காங் ஓரம் அவர் நின்றது மூச்சு முட்டித்தான். அதை நான் சிரிப்பாக எழுதிவிட்டேன். உங்களையும் சிரிக்க வைத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள். இவ்வளவுதான். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"நீ சிரிக்கல. நல்லது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டாள். திங்கள் காலை போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். திரை முழுக்க மஞ்சள் முகங்கள். கண்ணில் தண்ணீர் வர வாயைப் பிளந்து சிரிக்கிற முகங்கள், நூறு நூறாக. கீழே எழுதியிருந்ததை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். ஐயோ தியா, பாத்திரம் கழுவச் சொன்னீர்களா, செத்த மாதிரி நடிக்கிறாரா? அடுத்த வாரம் எழுந்து வருவாரா? மேல் உலகத்தில் லொங்காங் எல்லாம் இனிமேல் சுத்தமாகிவிடும்!

எனக்கு ரத்தம் கொதித்தது. "மனுசங்களா இதுங்க? ஒன் பேர போட்டு, ஸ்டானி படத்த போட்டு, நாக்க புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த எழுது!" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் தட்டோடு தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

மரிசெல் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நல்லாத்தான் எழுதியிருக்காங்ககா," என்றாள். "அந்த மேல் ஒலகம் எனக்கே தோணியிருக்கணும். எது நடந்தாலும் சிரிங்கன்னு இத்தன வருசமா நான் சொல்லிக் குடுத்ததுதானே. என்ன ஏசுவாங்க, ஏச்சு வாங்கணும்னு நெனச்சேன். அதுகூட கெடைக்கல."

அந்த வாரத்திலேயே லோர்னா வந்தாள். தனியாகப் பேருந்தில் வந்து இறங்கி, சாவு வீட்டுக்குப் போகாமல் முதலில் என் கடைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அன்னைக்கி இங்க ஒக்காந்து படிச்சோமே. லொங்காங் ஓரம் நின்ன ஸ்டானோ... நாங்க பாத்துட்டு வந்தோமே, அந்த ஸ்டானிஸ்லாஸா?" என்று மலாயில் கேட்டாள்.

"என்கிட்ட கேக்காத. அந்த வீட்டுல போயி கேளு," என்றேன். சொன்ன மாதிரிதானே அதுவும்? அடுப்பை அணைத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

மரிசெல் கதவைத் திறந்ததும் லோர்னா அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பெரியவர்களிடம் ஆசி வாங்க அவர்கள் செய்கிற மரியாதையாம். "தியா," என்றாள். அத்தனை வருஷத்தில் படிக்கிறவர்களில் ஒருத்தர்கூட அந்தப் பெயரால் அவளை முகத்துக்கு நேரே கூப்பிட்டதில்லை. மரிசெல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். நான் பார்த்து அவள் அப்படி அழுததில்லை.

லோர்னாவும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். எனக்காக மலாயில்தான் பேசினார்கள். அன்றைக்கு நாங்கள் சிரித்துவிட்டோம் தியா, அவர் அங்கே பெட்டியில் கிடக்கும்போது இந்த அக்கா கடையில் சிரித்துவிட்டோம் என்றாள்.

மரிசெல் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "எந்த எடத்துல சிரிச்சீங்க?"

லோர்னாவுக்குப் புரியவில்லை. மரிசெல் மறுபடியும் கேட்டாள். கதையில் எந்த இடத்தில் சிரித்தீர்கள்?

"ஜனங்க மனுவோட நிக்கிற எடத்துல."

"அது நான் எழுதுனது இல்ல," என்றாள் மரிசெல். "அவர் சொன்னது. அந்தத் தடவ மட்டும் வெள்ளிக்கிழமயே அவருக்கு படிச்சுக் காட்டுனேன். மந்திரின்னா சும்மா விடுவாங்களா, மனுவோட நிக்கச் சொல்லுன்னு அவரே சொன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாரு."

"பாத்தியாடி!" என்றேன். "அவன் கதைக்கு அவனே உப்பு போட்டுக் குடுத்திருக்கான். நீ என்னமோ திருடிட்ட மாதிரி அழுவுற."

லோர்னா போகும்போது நாங்கள் யாரும் கூடவே எழுந்து போகவில்லை. சாவு வீட்டில் வழியனுப்புகிற வழக்கம் அவர்களுக்கும் இல்லையாம், நமக்கும் இல்லை. அவள் பேருந்துக்குக் காத்திருந்தபோது, நான் கடைக்குத் திரும்பி, கேட்காமலேயே கோப்பி கலக்கி வைத்தேன். குடித்துக்கொண்டே போனில் ஏதோ எழுதினாள். பிறகு மரிசெல்தான் எனக்குச் சொன்னாள். அத்தனை சிரிப்பு முகங்களுக்கும் கீழே லோர்னா எழுதியிருந்தாள்: நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவரைப் பார்த்தேன். உண்மைதான். பெயரைக் கேட்காதீர்கள்.

சிரிக்கிற முகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. போட்டவர்களே எடுத்தார்கள். அந்த இடத்தில் அழுகிற முகங்கள் வந்தன. மரிசெல் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளை ஏசவில்லை. என் அப்பாவும் இப்படித்தான் நிற்பார், நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். மரிசெல் அதை இரண்டு தரம் படித்துக் காட்டினாள்.

சனிக்கிழமை வந்தது. வியாபாரம் ஓய்ந்த நேரத்துக்கு வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். "கா, ஒண்ணு சொல்றேன். கேளு," என்றாள்.

சொன்னாள். லொங்காங் மந்திரி ஸ்டானோவின் கடைசி ஊர்வலம். தெரு நெடுக லோரிகள் மரியாதைக்கு நிற்கின்றன. மந்திரி வண்டியில் நீட்டிப் படுத்துக்கொண்டு வருகிறார். எல்லாரும் நேரே கோயில்தான் என்று நினைக்கிறார்கள். கோபக்காரி ஒருத்தியின் ஒட்டுக்கடை முனையில், சரியாக லொங்காங் வாய்க்குப் பக்கத்தில், வண்டி நின்றுவிடுகிறது. பின்னால் ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான். அடேய், மந்திரி ஆய்வு செய்கிறார், அவருக்கா ஹாரன் அடிக்கிறாய் என்று கடைக்காரி கரண்டியோடு பாய்கிறாள்.

நான் சிரித்துவிட்டேன். என்னால் அடக்க முடியவில்லை. அடக்கத்தன்று அவள் ஏன் வாயைப் பொத்தினாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மரிசெல் சிரிக்கவில்லை. புருவத்தையும் தூக்கவில்லை, கையையும் ஆட்டவில்லை. கடை ஓரத்து லொங்காங்கைப் பார்த்துக்கொண்டே கடைசி வரியைச் சொன்னாள்.

"எப்பவும் நான்தான் கத்துவேன், சீக்கிரம் வா, மீன் தீந்துரும்னு. அன்னைக்கி நான் கத்தல. நீ மெதுவா பாரு, நான் நிக்கிறேன்னு சொன்னேன்."

சிரித்துக்கொண்டிருந்த வாயோடு நான் அழுதேன். அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

"போடு," என்றேன்.